மலை இறங்கும்போது காது அடைக்கிறது, சைனஸ்தானா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 43. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட், பீட்ரூட் லோடு ஓட்டுகிறேன், வாரத்துக்கு ஐந்து நடை. தீபாவளிக்கு முன்னால் பிடித்த சளி போய்விட்டது, ஆனால் மூக்கடைப்பும் காது அடைப்பும் மூன்று மாதமாக விடவில்லை. இரண்டு காதிலும் பஞ்சு வைத்த மாதிரி இருக்கிறது, வலது பக்கம் அதிகம். குன்னூர் தாண்டி இறங்கும்போது வலி. மூக்கைப் பிடித்து ஊதினால் சில சமயம் ‘டப்’ என்று திறக்கும், சில சமயம் தலை சுற்றும். மெடிக்கலில் கொடுத்த மூக்கு சொட்டு மருந்து போடாமல் இரவில் தூங்க முடியவில்லை, ஒரு நாளைக்கு ஆறேழு தடவை ஆகிவிடுகிறது. சளி மாத்திரையும் போடுகிறேன். இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன். எக்ஸ்ரே பார்த்தவர்கள் சைனஸ் இருக்கிறது, மூக்கு எலும்பு வேறு வளைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார்கள். வீட்டில் பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி விட்டார்கள், அதற்கும் கேட்கவில்லை. காது செவிடாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆபரேஷன் செய்துகொள்ளட்டுமா?

பதில்:

தம்பி, வணக்கம்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எக்ஸ்ரே இருக்கிறது, ஆன்டிபயாட்டிக் இருக்கிறது, பூண்டு எண்ணெய் இருக்கிறது, ஆபரேஷன் வரைக்கும் பேச்சு போய்விட்டது. ஆனால் அடைத்துக்கொண்டிருப்பது காது, அந்தக் காதுக்குள் யாராவது விளக்கு அடித்து எட்டிப் பார்த்தார்களா என்றால் அப்படி ஒரு வரி உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. மூன்று மாதமாக எல்லோரும் மூக்கைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். எனவே மற்றதையெல்லாம் பேசுவதற்கு முன்னால் ஒன்று: இந்த வாரமே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் காதைக் காட்டுங்கள். ஊட்டியிலேயே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, இறங்கின பக்கம் வசதி என்றால் கோவையில் காட்டலாம். ஒரு நடை போகும், பரவாயில்லை.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது என்பதை நீங்கள் தினமும் பார்க்கும் ஒன்றை வைத்தே சொல்கிறேன். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்று எனக்கும் தெரியும், ஆனாலும் சீட்டுக்கு அடியில் ஒரு பழைய பாட்டில் உருளாத லாரி உண்டா? அந்தக் காலி பாட்டிலை ஊட்டியில் மூடியை இறுக்கித் திருகிப் போட்டுவிட்டு இறங்குங்கள். மேட்டுப்பாளையம் வரும்போது ஒரு பக்கம் குழி விழுந்து நசுங்கிக் கிடக்கும். யாரும் மிதிக்கவில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அழுத்தம் மேட்டுப்பாளையத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேலே அடைத்த மெல்லிய காற்று உள்ளே அப்படியே இருக்க, கீழே வரவர வெளிக்காற்று கனத்து பாட்டிலை உள்ளே தள்ளுகிறது. மூடியைத் திருகித் திறந்தால் ‘புஸ்’ என்று காற்று உள்ளே போய் பாட்டில் நிமிரும்.

உங்கள் காதுச் சவ்வுக்குப் பின்னாலும் இப்படி ஒரு சின்ன காற்றறை இருக்கிறது, நடுக்காது என்போம். அதற்கு மூடி மாதிரி இருப்பது யூஸ்டேசியன் குழாய். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறு மருத்துவர் யூஸ்டாக்கியின் பெயரில் வந்தது. நீளம் மூன்றரை சென்டிமீட்டர் சொச்சம்தான், நடுக்காதில் தொடங்கி மூக்குக்குப் பின்னால், உள்நாக்குக்கு மேலே போய்த் திறக்கிறது. சாதாரணமாக அது மூடியேதான் இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை இழுத்து ஒரு கணம் திறந்துவிடும், காற்று சமமாகும், மறுபடி மூடிக்கொள்ளும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கிறது, நமக்குத் தெரிவதே இல்லை. மூக்கின் பின்பக்கம் வீங்கினால் குழாயின் வாயும் சேர்ந்து வீங்கும். திறப்பது குறையும். உள்ளே இருக்கும் காற்றை நடுக்காதின் உட்சுவர் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடும், காதுச் சவ்வு உள்ளே குழியும், அதுதான் உங்களுக்குப் பஞ்சு வைத்த மாதிரி தெரிகிறது. இது நாள்கணக்கில் நீடித்தால் அந்த வெற்றிடத்தில் நீர் கசிந்து தேங்கும். அப்போது சத்தமெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும்.

இறங்கும்போது வலி என்று எழுதியிருக்கிறீர்கள், ஏறும்போது வலி என்று எழுதவில்லை பாருங்கள், அதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. ஏறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து, குழாயைத் தானே தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும். இறங்கும்போது காற்று வெளியிலிருந்து உள்ளே வரவேண்டும், அதற்கு நீங்கள் திறந்துவிட்டால்தான் உண்டு, தானாக வராது. குன்னூர் 1,700 மீட்டருக்கு மேல், மேட்டுப்பாளையம் 300 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். இந்த ஒரு மணி நேர இறக்கத்தில் ஒருமுறைகூடக் காது திறக்காமல் வந்தால், ஒன்றரை மீட்டர் ஆழத் தண்ணீரில் முங்கியிருக்கும் அளவுக்கு அழுத்தம் சவ்வின் மேல் உட்கார்ந்துவிடும். அந்த வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டிவிட்டால் குழாய் பூட்டிக்கொள்ளும், அப்புறம் தசையால் இழுத்தும் திறக்க முடியாது. வலி வந்த பிறகு மூக்கைப் பிடித்து ஊதுவது அதனால்தான் சில நாள் வேலை செய்கிறது, சில நாள் செய்வதில்லை.

அந்த ஊதுவதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பலம் கொண்ட மட்டும் ஊதினால் குழாய் திறக்கும் என்று நினைக்கிறீர்கள். சளி இருக்கும்போது அப்படி ஊதினால் மூக்கிலிருக்கும் சளியும் கிருமியும்தான் முதலில் காதுக்குள் போகும். அதோடு அந்த முக்கல் உள்காது வரைக்கும் அழுத்தும், உங்களுக்குத் தலை சுற்றுகிறது என்றீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. உள்காதின் மெல்லிய சவ்வு கிழிந்துபோவது அபூர்வம், ஆனால் நடக்கும். அதைவிட முக்கியம், கொண்டை ஊசி வளைவில் லோடு வண்டியோடு தலை சுற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பலமாக ஊதுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

அதற்குப் பதில் ஒன்று இருக்கிறது. மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்குங்கள். ஊத வேண்டாம், விழுங்கினால் போதும். டாயின்பி முறை என்று பெயர், லண்டனில் இருந்த காது மருத்துவர் ஜோசப் டாயின்பி சொன்னது. (அந்த மனிதர் காது இரைச்சலுக்கு மருந்து தேடி, குளோரோஃபார்ம் ஆவியைத் தானே முகர்ந்து மூக்கைப் பிடித்துக் காதுக்குள் தள்ளிப் பார்க்கப்போய் 1866இல் இறந்துபோனார். எங்கள் துறையில் இப்படியும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.) ஓட்டும்போது மூக்கைப் பிடிக்கக் கை ஏது? எனவே குன்னூரில் இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்பே வாயில் ஒரு சூயிங்கம்மோ புளிப்பு மிட்டாயோ போட்டுக்கொள்ளுங்கள், வலி வரும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு முறை விழுங்குங்கள், வாயை மூடியபடி தாடையை முன்னே தள்ளிக் கொட்டாவி விடுவது போல இழுத்துப் பாருங்கள். பர்லியாரில் நிறுத்தி ஒரு டீ குடித்து, அங்கே மூக்கைப் பிடித்து நாலு மடக்கு விழுங்கிவிட்டு இறங்குங்கள். மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்துச் செய்வதில் பயன் குறைவு. கடுமையான சளியோடு இறங்காமலிருப்பது நல்லது என்றுதான் நாங்கள் எல்லோருக்கும் சொல்வோம், உங்களிடம் அதைச் சொன்னால் வாரக்கூலி யார் தருவார் என்று கேட்பீர்கள், நியாயம்தான். குறைந்தது அந்த இரண்டு மூன்று நாளாவது நடையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

இப்போது அந்தச் சொட்டு மருந்து. என் கணிப்பில் உங்கள் மூக்கடைப்பு மூன்று மாதம் நீண்டதற்கு முதல் குற்றவாளி அதுதான். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்ஸிமெட்டாசோலின் என்று போட்டிருக்கும். மூக்கின் பக்கச் சுவரில் ரத்தக்குழாய்கள் நிறைந்த சதைமடிப்புகள் உண்டு, இந்த மருந்து அந்த ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, ஐந்து நிமிடத்தில் மூக்கு திறந்து சொர்க்கம் தெரியும். மருந்து இறங்கியதும் அவை முன்பைவிட அதிகமாக வீங்கும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். நாள் ஆக ஆக மருந்து வேலை செய்யும் நேரம் குறையும், இரண்டு தடவை ஆறு தடவையாகும். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் போட வேண்டியது, நீங்கள் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. முதுகலை படிக்கும்போது, காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே இருந்துகொண்டு, இரவுப் பணிக்காக நானே மூன்று வாரம் இதைப் போட்டுக்கொண்டு தலையணைக்கு அடியில் பாட்டிலை வைத்துத் தூங்கியிருக்கிறேன். ஒரு சீனியர் அக்கா வார்டில் வைத்துக் கோட்டுப் பையிலிருந்து பிடுங்கிக் குப்பையில் போட்ட பிறகுதான் விட்டது.

விடுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரே நாளில் இரண்டு பக்கமும் நிறுத்தினால் இரவில் மூச்சு முட்டி, மூன்றாம் நாள் மறுபடி மெடிக்கலுக்குப் போய்விடுவீர்கள். முதலில் ஒரு பக்கம், உங்களுக்கு இடது பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் மட்டும் அடியோடு நிறுத்துங்கள். வலது பக்கம் இரவில் மட்டும் ஒரு சொட்டு. இடது மூக்கு மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தானாகத் திறக்கும், அது திறந்ததும் வலதையும் நிறுத்திவிடுங்கள். இந்த நாள்களைத் தாண்டுவதற்கு மருத்துவர் ஃப்ளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதுவார். ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டாம், மூக்குக்குள்ளேயே நின்றுவிடும் அளவு, மாத்திரை போல உடம்பெல்லாம் போவதில்லை. ஆனால் சொட்டு மருந்து மாதிரி ஐந்து நிமிடத்தில் எதுவும் நடக்காது, இரண்டு வாரம்வரை ஆகும். இரண்டு நாள் அடித்துவிட்டு ‘இது வேஸ்ட்’ என்று தூக்கிப் போட்டவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

அடிக்கும் விதத்திலும் தப்பு நடக்கிறது. பெரும்பாலானவர்கள் தலையை அண்ணாந்து, நடுத்தண்டைப் பார்த்து அடித்து, ‘ஸ்ர்ர்’ என்று உறிஞ்சுகிறார்கள். மருந்து நேரே தொண்டைக்குப் போகும், கசக்கும், மீதி நடுத்தண்டில் பட்டு ரத்தம் வரும். பாட்டிலைக் குலுக்கிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் பிடியுங்கள். அப்போது நுனி தானாகவே வெளிப்பக்கம், கண்ணின் ஓரத்தைப் பார்த்துத் திரும்பும். அழுத்திவிட்டு மெதுவாக மூச்சை இழுத்தால் போதும். தொண்டையில் கசந்தால் சரியாக அடிக்கவில்லை என்று அர்த்தம். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்த ஸ்ப்ரே மூக்குக்கானது. யூஸ்டேசியன் குழாயை நேரடியாகத் திறந்துவிடும் மருந்து என்று இன்னும் எதுவும் கிடையாது. மூக்கு அடங்கினால் குழாயின் வாயும் அடங்கும் என்ற நம்பிக்கையில்தான் கொடுக்கிறோம், அலர்ஜி மூக்கு உள்ளவர்கள் சிலரிடம் அது பலிக்கிறது.

ஸ்ப்ரேக்கு முன்னால் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவது நல்லது. யோகா தெரிந்தவர்கள் ஜலநேத்தி என்பார்கள். அரை லிட்டர் தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு தட்டையாக ஒரு டீஸ்பூன், எரியாமலிருக்க ஒரு சிட்டிகை சமையல் சோடா, வெதுவெதுப்பாக. கழுவிய பிறகு பலமாகச் சீந்தக் கூடாது, ஒவ்வொரு பக்கமாக மெல்ல. தண்ணீர் விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் நேராக மூக்குக்குள் போகக் கூடாது, கேரளத்தில் 2024லும் 2025லும் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தி வந்ததே, அது உடம்புக்குள் நுழைவது மூக்கு வழியாகத்தான். கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர் வேண்டும். அதிலும் நீங்கள் இருப்பது ஊட்டி, அங்கே தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழி வந்ததும் அடுப்பை அணைத்துவிடாமல் முழுதாக மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள்.

சளி மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. அட்டையைப் பார்த்தால் மூன்று மருந்து இருக்கும்: பாராசிட்டமால், ஃபினைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின். நடுவில் இருப்பதுதான் மூக்கடைப்புக்காகச் சேர்ப்பது, அதை மாத்திரையாக விழுங்கினால் மூக்கடைப்புக்கு வேலை செய்வதில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் நிபுணர் குழுவே சொல்லிவிட்டது. மூன்றாவது தூக்கம் வரவைக்கும். மலைப்பாதையில் லோடு ஓட்டும் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடிப்பது எனக்குச் சரியாகவே படவில்லை. தும்மல், அரிப்பு, தண்ணீராக ஒழுகுவது என்று அலர்ஜி அறிகுறி இருந்தால் தூக்கம் அதிகம் தராத ஃபெக்ஸோஃபெனடின் மாதிரி ஏதாவது எழுதச் சொல்லிக் கேளுங்கள், நான் டிரைவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பி.பி. இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மாதக்கணக்கில் அந்தச் சொட்டு போட்டிருப்பதால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆன்டிபயாட்டிக், சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தது என்பதற்காகவா கொடுத்தார்கள்? நிறத்தை வைத்துக் கிருமி எது என்று சொல்ல முடியாது. வைரஸ் சளியும் நாலாம் நாள் மஞ்சளாகத்தான் வரும்.

ஆவி பிடிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வீட்டம்மா கேட்பார். பிடிக்கலாம், நொச்சி இலை போட்டால் இதமாக இருக்கும், இதம் மட்டும்தான். பாத்திரத்தை மடியில் வைத்துப் போர்வைக்குள் உட்காராமல் மேசைமேல் வைத்துப் பிடியுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். வெந்நீர் கவிழ்ந்து வெந்துபோய் வந்த பிள்ளைகளைப் பார்த்தவள் சொல்கிறேன். பூண்டு எண்ணெய் மட்டும் இனி வேண்டவே வேண்டாம். அடைப்பு சவ்வுக்கு அந்தப் பக்கம், எண்ணெய் நிற்பது இந்தப் பக்கம், சுவருக்கு வெளியே ஊற்றி உள்வீட்டு அடைப்பை எடுப்பது மாதிரி. சவ்வில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய் வேறு வம்பாகிவிடும். எண்ணெய் தங்கிய காதில் பூஞ்சை வளர்வதையும் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன், ஈரமான பழைய செய்தித்தாள் மாதிரி இருக்கும், மேலே கறுப்புப் புள்ளி புள்ளியாக.

சைனஸ் என்று எக்ஸ்ரேயில் சொன்னார்களே, அதற்கு வருகிறேன். ‘எனக்கு சைனஸ் இருக்கு’ என்று சொல்லாத ஆள் இல்லை, எனக்கும் இருக்கிறது, சைனஸ் என்பது முகத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறைதானே, கல்லீரல் மாதிரி எல்லோருக்கும் இருக்கும். அதில் அழற்சி வந்து 12 வாரத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சைனசைட்டிஸ் என்போம், சித்த மருத்துவத்தில் பீனிசம் என்பார்கள். அதற்கும் மூக்கடைப்போடு கெட்டிச்சளி, முகம் கனப்பது, வாசனை தெரியாமல் போவது என்று சில சேர்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு வாசனை தெரிகிறதா? குளிக்கப் போகும்போது சோப்பு மணக்கிறதா என்று கவனித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். சைனஸைப் பார்க்க எக்ஸ்ரே போதவே போதாது, மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன். (தலைவலி பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு ‘எனக்கு சைனஸ் தலைவலி’ என்று எழுதப்போகிறவர்களுக்கு: 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அப்படிச் சொன்ன ஏறத்தாழ 3,000 பேரைச் சோதித்தால் நூற்றுக்கு 88 பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி.)

எலும்பு வளைவு. முழுக்க நேராக இருக்கும் மூக்குத்தண்டை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். உங்கள் வளைவு இருபது வயதிலேயே இருந்திருக்கும், காது அடைத்தது இந்தத் தீபாவளிக்குத்தானே? இருபது வருடமாகச் சும்மா இருந்த வளைவு திடீரென்று காதை அடைக்கக் காரணம் என்ன என்று ஆபரேஷன் சொன்னவரிடம் கேளுங்கள். ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூக்குக்குள் சதை வளர்ந்திருந்தாலோ, சொட்டு மருந்தை முழுக்க விட்டு, ஸ்ப்ரேயும் கழுவலும் இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் மாறாவிட்டாலோ அப்போது அதைப் பேசலாம். சொட்டு மருந்தால் வீங்கியிருக்கும் மூக்கைப் பார்த்து ஆபரேஷன் முடிவு எடுப்பது, லோடோடு நிற்கும் லாரியைப் பார்த்து டயர் அமுங்கியிருக்கிறது என்று டயரை மாற்றுகிற மாதிரி.

செவிடாகிவிடுமா என்று பயந்தீர்கள். குழாய் அடைப்பாலும் நடுக்காதில் நீர் தேங்குவதாலும் வரும் மந்தம் பெரும்பாலும் திரும்பிவிடும், நீர் மாதக்கணக்கில் வற்றாமல் நின்றால் சவ்வில் கடுகளவு ஓட்டை போட்டு க்ரோமெட் என்ற சின்னக் குழாய் வைப்போம், அது பெரிய விஷயமில்லை. ஆனால் காது அடைப்பு என்று சொல்லிக்கொண்டு வரும் எல்லோருக்கும் குழாய் அடைப்பு இல்லை. சிலருக்கு வெறும் குறும்பி, எடுத்தால் தீர்ந்தது. சிலருக்குத் தாடை மூட்டு, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள், நாளெல்லாம் பாக்கு மெல்லுபவர்கள். உள்காதில் வரும் மெனியர் நோயில் அடைப்போடு மணிக்கணக்கில் உலகமே சுழலும்.

இன்னொன்றை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு காது திடீரென்று, தூங்கி எழுந்தபோதோ சில மணி நேரத்திலோ, ‘அடைத்துக்கொண்ட’ மாதிரி ஆனால் அது நரம்பு சம்பந்தப்பட்ட திடீர்ச் செவிட்டுத்தன்மையாக இருக்கலாம். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று நீளமாக முனகுங்கள். அடைத்த காதில் சத்தம் அதிகமாகக் கேட்டால் பெரும்பாலும் குழாய், நீர், அழுக்கு சமாசாரம். நல்ல காதுப் பக்கம் சத்தம் ஒதுங்கினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், ஸ்டீராய்டு மாத்திரை சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும், இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். இது வீட்டுச் சோதனைதான், சந்தேகம் என்றால் முனகிப் பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். ‘சளி அடைப்புதான், ஆவி பிடித்தால் சரியாகும்’ என்று மூன்று வாரம் கழித்து வந்தவர்களிடம் என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் பழகவில்லை.

உங்களுக்கு வலது பக்கம் அதிகம் என்பதாலும் நான் காதைப் பார்க்கச் சொல்கிறேன். பெரியவர்களுக்கு ஒரே பக்கம் நடுக்காதில் நீர் நின்றால், அந்தக் குழாய் மூக்கின் பின்னால் திறக்கும் இடத்தில் கட்டி ஏதும் அழுத்துகிறதா என்று எண்டோஸ்கோப்பால் பார்க்காமல் நாங்கள் விடுவதில்லை. உங்களுக்கு இரண்டு பக்கமும் அடைப்பு, சளிக்குப் பிறகு வந்தது, பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, இரண்டு நிமிட வேலை, பார்த்துவிட்டால் தீர்ந்தது. சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி, காதிலிருந்து நாற்றமடிக்கும் சீழ், கண்ணைச் சுற்றி வீக்கம், பொருள் இரண்டிரண்டாகத் தெரிவது, இதில் எது வந்தாலும் சந்தை நாள், லோடு நாள் பார்க்க வேண்டாம்.

பீடி, சிகரெட் உண்டா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் இந்த இரண்டு மாதமாவது நிறுத்துங்கள், மூக்கிலும் குழாயிலும் சளியைத் துடைத்து வெளியே தள்ளும் நுண்ணிய மயிர்களைப் புகைதான் முதலில் சாய்க்கும்.

மருத்துவமனையில் காதை விளக்கு அடித்துப் பார்த்த பிறகு இரண்டு சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒன்று ஆடியோகிராம், ஹெட்போன் மாட்டி ‘கீ’ சத்தம் கேட்டால் கை தூக்கச் சொல்வது. இன்னொன்று டிம்பனோகிராம், காதில் சின்ன ரப்பர் முனை வைத்துக் காற்றை அழுத்தி இழுத்துப் பார்ப்பார்கள், வலிக்காது, ஒரு நிமிடம். அதில் ஒரு கோட்டுப் படம் வரும். சவ்வு நன்றாக இருந்தால் நடுவில் ஒரு மலை நிற்கும். உள்ளே காற்று குறைந்து சவ்வு குழிந்திருந்தால் மலை இடது பக்கம் நகர்ந்திருக்கும். நீர் தேங்கியிருந்தால் மலையே இருக்காது, மேட்டுப்பாளையம் தாண்டின மாதிரி ஒரே சமவெளி. அந்தத் தாளையும், சொட்டு மருந்தை நிறுத்திய தேதியையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். உங்கள் மலை எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.